இரண்டு கடல்

என் கணவர் பஹ்ரைனில் ஒரு குடோனில் வேலை பார்க்கிறார். போனில் பேசினால் அந்தத் தீவைப் பற்றி ஏதாவது ஓர் அதிசயத்தைச் சொல்லாமல் வைக்க மாட்டார்.

அன்று திருச்சுழியில் காலையிலிருந்து தண்ணீர் லாரி வரவில்லை. வீட்டுக்கும் தெருமுனைக்குமாக அலைந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் அவர் கூப்பிட்டார்.

"பஹ்ரைன்னா ரெண்டு கடல்னு அர்த்தமாம். மேல உப்புக் கடலு, அடியில நல்ல தண்ணி ஊத்து. அந்தக் காலத்துல முத்துக் குளிக்கிறவுக தோல் பையோட முங்கி, குடிக்கத் தண்ணி பிடிச்சுட்டு வருவாகளாம்."

எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது.

"இங்க சோறு பொங்கத் தண்ணியில்ல. நீங்க அங்க கடலு, ஊத்துன்னு வேடிக்கை பாத்துக்கிட்டு இருக்கீக."



"நான் எங்க பாத்தேன்? கம்பெனி வண்டி ரூம்ல ஏத்தி குடோன்ல எறக்கும். திரும்பக் கொண்டாந்து ரூம்ல விடும். இதெல்லாம் படுத்துக்கிட்டே போன்ல படிக்கிறதுதான். ஒங்கிட்டச் சொல்ல எனக்கு வேற என்ன இருக்கு?"

"அப்ப கடலு?"

"இன்னும் பாக்கல."

லாரி ஹாரன் கேட்டது. எல்லோரும் குடங்களோடு ஓடினார்கள். அவருக்கும் அது கேட்டிருக்க வேண்டும்.

"லாரி வந்துருச்சு போல. நீ போ."

"போறேன். அந்தத் தண்ணிய உப்புக் கலக்காம எப்படிப் பிடிச்சாகன்னு சொல்லிட்டு வைங்க."

அவர் ஆசையாகச் சொல்லத் தொடங்கினார். நான் நகரவில்லை.

இரண்டு கடல் என்று பெயருள்ள ஊரில் இருந்தும் ஒரு கடலைக்கூடப் பார்க்காத மனிதரிடம் தண்ணீருக்காகச் சண்டை போட்டது இன்றும் என்னைச் சும்மா இருக்கவிடுவதில்லை.