ஓலை போட்ட மிளகாய்ப் பாத்தி

மலேசியாவின் மெர்லிமாவில் விவசாய அதிகாரியாக இருந்த நான், மிளகாய் பயிரிடுவோருக்கு வழக்கம்போல் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் ஓர் அக்கா எழுந்தார்.

"சார், மண்ணு காயாம இருக்க நீங்க சொன்ன பிளாஸ்டிக்க ஒரு பாத்தியில விரிச்சேன். பக்கத்துப் பாத்தியில செம்பனை ஓலைய வெட்டிப் போட்டேன். வந்து பாருங்க லா."

கூட்டத்தை விட்டுவிட்டு எல்லோரும் மோட்டார் சைக்கிள்களில் கிளம்பினோம். ஓலையை விலக்கி மண்ணைத் தொட்டேன். வெயிலிலும் ஈரமாக இருந்தது. செடிகளும் பிளாஸ்டிக் பாத்தியைவிடச் செழித்திருந்தன. எனக்குப் பரபரப்புத் தாங்கவில்லை.

"எல்லாத் தோட்டத்திலயும் செஞ்சு பார்ப்போமாக்கா?"

"நான் லாலாங் புல்லு போட்டுப் பாக்குறேன்," என்றார் பக்கத்தில் நின்றவர்.

அடுத்த வாரமே அவரவர் தோட்டத்தில் ஒரு சோதனைப் பாத்தி தயாரானது. மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் அக்காவின் பெயரை முதலில் எழுதினேன்.