என் மனைவி ஆடிய வோல்ட்ஸ்

போன வருடம் மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மகளின் கல்யாண வரவேற்புக்கு மண்டபம் பார்க்க, ரொக்ஸ்பரோவிலிருந்து நானும் மனைவியும் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள லொங்குய் நகருக்குப் போயிருந்தோம்.

பழைய மண்டபம். வாசலுக்குள் நுழைந்ததுமே, கோட் மாட்டும் இடம் இடதுபக்கம் என்றாள் மனைவி. அப்படியே இருந்தது. ஏதோ பலகையைப் பார்த்துச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

உள்ளே ஜோடி நடனம் நடந்துகொண்டிருந்தது. அவ்வளவு பெரிய மரத்தளத்தில் வயதான வெள்ளைக்காரர் ஏழெட்டுப் பேர்தான். ஒரு காலத்தில் ஞாயிறுகளில் தெருவரைக்கும் வரிசை நிற்குமாம். இப்போது இளம் ஆட்கள் வருவதில்லை, இந்த மாதத்தோடு நிறுத்துகிறோம், அந்த நேரத்தை நீங்கள் எடுக்கலாம் என்றார் மேலாளர். நாங்கள் தேடியதும் ஞாயிறு மத்தியானம்தான். ஆனாலும் எனக்குச் சந்தோஷப்பட வரவில்லை.

அப்போது மெலிந்த கிழவர் ஒருவர் வந்து, பிரெஞ்சில் என்னிடம் அனுமதி கேட்டுவிட்டு, மனைவியிடம் கையை நீட்டினார். மறுத்துவிடுவாள் என்று சிரித்தபடி நின்றேன். அவளோ சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கைப்பையை என்னிடம் தந்துவிட்டுப் போனாள்.

ஜோடியாகச் சுழன்று ஆடும் வோல்ட்ஸ் நடனம் ஆடினாள். முதுகு நிமிர்ந்து, பார்வை அவர் தோளுக்கு மேலால் போக, ஒரு அடிகூடப் பிசகாமல். கோயிலில்கூடக் கூட்டத்துக்குப் பின்னால் நிற்பவள். யாரோ ஒருவருடைய மனைவியைப் பார்ப்பதுபோல் நான் நின்றேன். பெருமையா, கோபமா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது பாலத்தில்தான் கேட்டேன். “உமக்கு உது எப்பிடித் தெரியும்?”

என்னை ஊரிலிருந்து இங்கே கூப்பிடுவதற்கு முன் அவள் தனியாக இருந்த காலமாம். தையல் தொழிற்சாலையில் கூட வேலை செய்த போர்த்துக்கல் பெண் இதே மண்டபத்துக்குக் கூட்டிப்போவாளாம். ஞாயிறுகளில் அறையில் தனியே இருந்தால் அழுகை வருமாம்.

“ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?”

“நீங்கள் வந்தாப்பிறகு அது தேவைப்படேல்லை,” என்றாள்.

அந்த மண்டபம் வேண்டாம் என்றும் அவளே சொன்னாள். வரவேற்பு வேறிடத்தில் நடந்தது. பாட்டுப் போட்டதும் எல்லாரும் ஆடினார்கள். அவள் சாப்பாட்டுப் பக்கம் நின்றாள். அருகில் போனேன். எனக்கு ஆடத் தெரியாது. கையை நீட்டவும் வரவில்லை.

அன்று பாலத்தில் அவள் சொன்னது என்னைப் பாராட்டியதா, என்னால் விட்டுப்போனதைச் சொன்னதா, இன்றும் விளங்கவில்லை. ஆனால் நான் வருவதற்கு முன்பும் அவள் இந்த ஊரில் வாழ்ந்திருக்கிறாள் என்பதை இத்தனை வருடம் கழித்து அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன்.