கோட்டைச் சுரங்கத்தில் ஒரு வாய் தண்ணீர்

"வெள்ளிக்கிழமை கொங்கிரீட் லொறி வருது. சுரங்கத்தை நிரப்பி மூடுறம்," என்று திங்கள் காலை என் மேலதிகாரி கீத் சொன்னார்.

எழுபதுகளின் நடுப்பகுதி. சிட்னி துறைமுக வாயிலில் ஒரு பழைய கோட்டை. ஐரோப்பாவின் மத்தியகாலக் கோட்டைகளுக்கு அடியில் வீரர்கள் மறைந்து நடமாடச் சுரங்கம் வெட்டினார்களே, அதே யோசனையில் இங்கும் பாறையைக் குடைந்திருந்தார்கள். அதை அளந்து படம் வரைவதுதான், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சர்வேயரான எனக்கு இந்த நாட்டில் கிடைத்த முதல் வேலை. சுரங்கத்தை மூடினால் என் வேலைக்கும் மூடுவிழா. மனைவி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

உள்ளே முழங்காலளவு தண்ணீர் நின்றது. ஆய்வுகூட அறிக்கை அதை உப்புத் தண்ணீர் என்றது. கடல் பாறையைத் துளைத்துவிட்டது, மேலே உள்ள கட்டடமும் இறங்கும் என்று கீத் முடிவு கட்டிவிட்டார். இரண்டு மாதம் தடவித் தடவி அளந்தும் ஒரு வெடிப்பும் என் கண்ணில் படவில்லை.

கடைசி அளவெடுக்க, படம் வரையும் மதராஸ்காரர் ராஜுவுடன் உள்ளே போனேன். கடைக்கோடியில் குனிந்து தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்தேன்.

"ஐயையோ, என்னங்க பண்றீங்க! எலி மூத்திரமா இருக்கப் போகுது."

"ஊரில கிணறு வெட்டினா நாக்கில வைச்சுத்தான் நல்ல தண்ணியோ உவரோ எண்டு பாக்கிறனாங்கள். ராஜு, இது நல்ல தண்ணி!"

வாசல் பக்கத்துத் தண்ணீரையும் சுவைத்தேன். கரித்தது. பீரங்கித் துவாரத்தால் அலைச்சாரல் விழும் இடம் அது. ஆய்வுக்கு மாதிரி எடுத்த புண்ணியவான் முழங்கால் தண்ணீரில் உள்ளே நடக்கப் பஞ்சிப்பட்டு அங்கேயே போத்தலை நிரப்பியிருக்கிறார்.

கீத்திடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் அறிக்கையை மேசையில் தட்டினார். "லாப் பொய் சொல்லுமா?"

"லாப் பொய் சொல்லேல்லை, சேர். போத்தல்தான் வாசலில நிரப்பினது. நீங்களே வந்து வாயில வைச்சுப் பாருங்கோ."

கோபத்தோடுதான் வந்தார். விரலை நனைத்து வாயில் வைத்தார். மறுபடியும் வைத்தார். முகம் சிவந்துவிட்டது.

"அப்ப இது கடல் இல்லை, மழைத்தண்ணி. மேல எங்கையோ வடிகான் அடைச்சிருக்கு," என்றார்.

புதரை வெட்டித் தேடி, வேர் அடைத்த வடிகானைப் புதன்கிழமை கண்டுபிடித்தோம். அதைத் துப்புரவாக்கி, பம்ப் போட்டு இறைத்தோம். வெள்ளி காலை சுரங்கத்தின் தரை காய்ந்து கிடந்தது. வந்த லொறியைக் கீத் தானே கை காட்டித் திருப்பி அனுப்பினார். நானும் ராஜுவும் போட்ட கூச்சலில் சுரங்கமே அதிர்ந்தது. அந்தச் சந்தோஷம் பிறகு எந்தப் பதவி உயர்விலும் எனக்குக் கிடைக்கவில்லை.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். அறிக்கை கைக்கு வந்தால், போத்தலை எங்கே நிரப்பினார்கள் என்று முதலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் நீங்களே போய்க் குனிந்து ஒரு வாய் அள்ளிப் பாருங்கள்.