பின் வாங்கில் இருந்த பிள்ளை

பிள்ளைகளை அடிக்க வேண்டாம் என்று நான் போய்ச் சொல்லியிருக்காவிட்டால், அன்று என் மகளும் மற்றவர்களோடு பங்கருக்குள் பதுங்கி இருந்திருப்பாளா? இன்றுவரை இதற்கு எனக்கு விடை தெரியவில்லை.

அவளுக்கு ஏழு வயது. வட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. கணவர் கொழும்பில் வேலை. சண்டையில் பாதை பூட்டினால் கடிதமும் வராது. அதனால் பிள்ளையின் காரியம் எல்லாவற்றையும் நானே தீர்மானித்து, பிறகு அது சரியா பிழையா என்று நானே யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அவளுடைய விரல் மொளி வீங்கியிருந்தது. வகுப்பில் கதைத்ததற்கு, கோடு போடும் அடிமட்டத்தால் அடி. அடுத்த நாள் நான் ரீச்சரைப் பார்க்கப் போனேன். என்னிலும் இளையவர். சம்பளமில்லாமல் தொண்டராகப் படிப்பிப்பவர்.

“அடியாமல் திருத்தேலாதோ ரீச்சர்?” என்று கேட்டேன்.

“முப்பத்தேழு பிள்ளையள் அக்கா. ஒருத்தி கதைக்கத் தொடங்கினால் முப்பத்தேழும் கதைக்கும். நீங்களே ஒரு வழி சொல்லுங்கோவன்.”

நான் படித்தவள் என்ற நினைப்பில் உடனே சொன்னேன். “கொஞ்ச நேரம் தனிய இருத்தி விடுங்கோ. தானாய் யோசிக்கட்டும்.”

அவர் அதைக் கேட்டார். அடுத்த கிழமையிலிருந்து அந்த வகுப்பில் யாருக்கும் அடி விழவில்லை. நான் கூட்டுறவுக் கடைக்குப் போகும் வழியில்தான் பள்ளிக்கூடம். அந்த வகுப்பைத் தாண்டும்போது சத்தமே இருக்காது. முதல் நாள், இன்று விடுமுறையோ என்று யன்னலால் எட்டிப் பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளும் உள்ளேதான் இருந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை.  எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மற்றத் தாய்மாரிடமும் சொல்லித் திரிந்தேன்.

எப்படி இருத்துகிறார் என்று மட்டும் நான் கேட்கவில்லை.

அன்று காலை பத்து மணிபோல குண்டு போடும் பொம்மர் வந்தது. நான் கிணற்றடியில் நின்றேன். இரண்டு முறை சுற்றியது. தூரத்தில் எங்கோ விழுந்த அதிர்வில் வாளித் தண்ணீர் நடுங்கியது. பள்ளிக்கூடத்தில் பங்கர் இருக்கிறது, ரீச்சர் கவனமானவர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மத்தியானம் மகள் பக்கத்து வீட்டுச் சிறுமியோடு வந்தாள். வந்தவள் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

“ஏன் பிள்ளை நிக்கிறாய்? வந்து கால் கழுவு.”

“நான் இண்டைக்கு வரேல்லை அம்மா.”

“என்ன கதைக்கிறாய்? இப்ப வந்து நிக்கிறாய் தானே.”

பக்கத்து வீட்டுச் சிறுமி சிரித்தாள். “இவ இண்டைக்கு வராத பிள்ளை அன்ரி. தேவாரம் படிக்கேக்கை சிரிச்சவ. ரீச்சர் பின் வாங்கிலை இருத்தினவ.”

பின் வாங்கு என்பது வகுப்பின் கடைசிப் பெஞ்சு, ஊரைவிட்டுப் போன பிள்ளைகளுடையது. கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனவர்களின் பெயர்களை ரீச்சர் வரவு இடாப்பிலிருந்து வெட்டவில்லை. திரும்பி வரலாம் என்று விட்டிருந்தார். பிழை செய்த பிள்ளை அன்று முழுக்க அங்கே இருக்க வேண்டும். இடாப்பில் அதன் பெயருக்கு நேரே, வரவில்லை என்று புள்ளடி விழும். யாரும் அதோடு கதைக்கக் கூடாது, பார்க்கவும் கூடாது. மறுநாள் எல்லாம் மறந்துவிடும். எல்லோருக்கும் ஒரே சட்டம். ரீச்சர் தன் அக்காவின் மகளையும் ஒருநாள் இருத்தினாராம்.

“பொம்மர் வரேக்கை?” என்றேன்.

“நாங்கள் எல்லாரும் பங்கருக்கை. இவ வகுப்பிலை.”

“ரீச்சர் எண்ணேல்லையோ?”

“எண்ணினவ அன்ரி. முப்பத்தாறு. இடாப்பிலை வரவும் முப்பத்தாறுதான்.”

“நீயாவது கூப்பிட்டிருக்கலாமே.”

“கதைச்சால் நானும் பின் வாங்குக்குப் போகோணுமே.” அவள் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் மகளைத் தூக்கி உள்ளே கொண்டுவந்தேன். அவள் உடம்பு குளிர்ந்திருந்தது. அவள் அழவில்லை.

“ஏனம்மா நீ ஓடேல்லை?”

“வராத பிள்ளை எப்பிடி அம்மா ஓடுறது?”

“பயமாய் இருக்கேல்லையோ?”

“இல்லை. நான் அங்கை இல்லைத்தானே. பொம்மருக்கு என்னைத் தெரியாது.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். “மற்றவையும் இருந்தவை.”

“ஆர் மற்றவை?”

“வராதவை.”

மறுநாள் விடியவே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். ரீச்சர் வருமுன் அந்தப் பின் வாங்கைப் பார்த்தேன். ஐந்து பிள்ளைகள் இருக்கக்கூடிய நீளம். முழுவதும் தூசி. ஒரு நுனியில் மட்டும் என் மகளின் அளவுக்கு, அரைச்சாண் கூட அதிகமில்லாமல், துடைபட்டிருந்தது. அவள் நாள் முழுக்க அந்த வராத பிள்ளைகளுக்கு இடம் விட்டு இருந்திருக்கிறாள்.

ரீச்சரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் இடாப்பைத் திறந்து அந்தப் புள்ளடியில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். 

“நான் வாசலிலை நிண்டு எண்ணினனான் அக்கா. சரியாய் வந்தது. ரெண்டு தரம் எண்ணினனான்.”

நான் கத்துவதற்கென்றே போனேன். கத்த முடியவில்லை. தனியே இருத்தச் சொன்னது நான். அவர் அதை எனக்கு நினைவூட்டவும் இல்லை. “இனி என்ன செய்யிறது? திரும்ப அடிமட்டத்தை எடுக்கவோ? நீங்கள் சொல்லுங்கோ” என்று மட்டும் கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். நான் மகளை முன் வாங்கில் இருத்திவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது பின் வாங்கை எடுத்து வெளியே போட்டுவிட்டார்கள். வகுப்பில் தண்டனை எதுவும் இல்லை. சத்தம் தெருவரை கேட்கிறது. நேற்று ஒரு பிள்ளை இன்னொன்றின் தலையில் சிலேற்றால் அடித்து இரத்தம் வந்ததாம். என் மகள் எதிலும் சேருவதில்லை. இடாப்புக் கூப்பிடும்போது தன் பெயருக்குப் பதில் சொல்வதில்லை. ரீச்சர் எழுந்து போய் அவள் தோளைத் தொட்டுவிட்டுத்தான் வரவு போடுகிறார். வீட்டில் விமானச் சத்தம் கேட்டாலும் இருந்த இடத்திலேயே இருக்கிறாள். நான்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

வெள்ளிக்கிழமை பெற்றார் கூட்டம். அடி வேண்டாம் என்று முதலில் சொன்னவள் என்பதால் என்னைத்தான் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பாதித் தாய்மார் பிரம்பு வேண்டும் என்கிறார்கள். அடிக்காமலும், பிள்ளையை இல்லாததாக ஆக்காமலும், செய்தது பிழை என்று அதற்கு விளங்கவைக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்? முப்பது நாற்பது பிள்ளைகளை ஒரே ஆளாகப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். தோளைத் தொடாமலே என் மகள் பதில் சொல்ல என்ன செய்யலாம் என்று தெரிந்தால், அதையும் எழுதுங்கள்.