பீலித் தண்ணீரை அளந்தேன்

கண்டியில் மழை பிடித்துவிட்டால் மெம்பரேன் என்கிற மெல்லிய சவ்வை வார்ப்பதைப் போல எரிச்சலூட்டும் வேலை வேறில்லை. வீட்டுக் குழாய்க்குப் போடும் அதே பிவிசி பிளாஸ்டிக்கைத் தூளாக எடுத்து, அதை இளக்கும் எண்ணெயும் நைட்ரேட்டைத் தேடிப் பிடிக்கும் ஓர் உப்பும் சேர்த்துக் கரைத்து, கண்ணாடி வளையத்துக்குள் ஊற்றி மூடிவைக்க வேண்டும். கரைப்பான் மெல்ல ஆவியாகி, பால் ஆடை போல ஒரு மெல்லிய தாள் மிஞ்சும். அதை வட்டமாக வெட்டிக் குழாயின் நுனியில் ஒட்டினால், தண்ணீரில் நைட்ரேட் எவ்வளவு என்று சொல்லும் மின்முனை தயார். காற்றில் ஈரம் ஏறினால் தாள் வெளுத்துப்போகும். எனக்கு அந்த மழைக்காலம் முழுக்க வெளுத்துத்தான் போனது.

பல்கலைக்கழகத்தில் எனக்கும் பட்டம் வேண்டும்தான். ஆனால் நான் மல்லுக்கட்டியது அண்ணியின் கைக்குழந்தைக்காக. அண்ணிக்குப் பால் போதவில்லை. அம்பிட்டியவுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில், பீலியில் பிடித்த தண்ணீரில்தான் பால்மா கரைத்தார்கள். மலை ஊற்று வந்து விழும் அந்தப் பீலிதான் லயம் முழுவதற்கும் தண்ணீர். அதற்கு நேர் மேலே தேயிலைக்கு உரம் போடுவார்கள். உரத்திலிருந்து வரும் நைட்ரேட் கூடினால் பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது. கைக்குழந்தைக்கோ இரத்தத்தில் ஒட்சிசன் ஏறாமல் உடம்பு நீலம் பாரிக்கும்.

ஒருவழியாக ஒரு தாள் தெளிவாக வந்தது. பீலித் தண்ணீரை அளந்தேன். குடிக்கக்கூடிய அளவைத் தாண்டியிருந்தது. ஆய்வுகூடத்துப் பெரிய கருவியும் அதையே சொன்னது.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் நானே போனேன். கதிரை கொடுத்து உட்காரவைத்தார். என் அம்மா ஆயுள் முழுக்க அந்த ஆபீஸ் வாசலில் நின்றுதான் பேசியிருக்கிறார். "நல்ல வேலை செஞ்சிருக்கீங்க மிஸ், உடனே பாக்கிறேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல தண்ணீருக்குக் குழாய் வரப்போகிறது என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுக் கண்டிக்குத் திரும்பினேன்.

அந்த வாரமே ஆட்கள் வந்தார்கள். பீலியின் வாயில் சீமெந்து பூசி, குடிக்க உதவாத நீர் என்று ஒரு பலகையை நட்டுவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான். குழாயும் இல்லை, தண்ணீர்த் தாங்கியும் இல்லை. தோட்டத்தின் மேல் இனி யாரும் குற்றம் சொல்ல முடியாது, துரைக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பெண்கள் கொழுந்து பறித்துவிட்டு வந்து, பாதையோரத்து ஓடை வரை இறங்கிக் குடம் தூக்கி ஏறினார்கள். நான் வீட்டுக்குப் போன அன்று, இடுப்பில் கைக்குழந்தையோடு நின்ற அடுத்த வீட்டு அக்கா என் காதில் விழட்டும் என்றே சொன்னார்: "நம்ம புள்ள படிச்சிட்டு வந்து நம்ம வாயிலதான் மண்ணப் போட்டுச்சு."

உள்ளே போய், அம்மா சுமந்துவந்த ஓடைத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, கையோடு கொண்டுவந்திருந்த மின்முனையைப் போட்டேன். மீட்டரில் எண் பீலியைவிட மேலே நின்றது. மலை முழுவதின் உரமும் அந்த ஓடைக்குத்தானே வடிகிறது. மின்முனையைக் கழுவி மறுபடி போட்டுப் பார்த்தேன். மாறவில்லை.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுவும் சரியில்லையா?"

"இல்லம்மா. அதவிட மோசம்."

அம்மா எழுந்து கதவைச் சாத்தினார். "வெளியில சொல்லிறாத தாயி. இதையும் மூடிட்டாங்கன்னா நாங்க எங்க போறது?"

கண்டியிலிருந்து நான் வாங்கிவந்த போத்தல் தண்ணீரை அண்ணி குழந்தைக்கென்று எடுத்து வைத்தார். அதில் ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு போய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"அக்கா, புள்ளைக்கு மட்டும் இந்தத் தண்ணியில பால் கரைங்க."

"ஒந் தண்ணியும் வேணாம், நீயும் வேணாம். போ."

கதவு திறக்கவில்லை. உள்ளே அவர் பால்மா கலக்கும் கரண்டிச் சத்தம் கேட்டது.