கடுகெண்ணெயும் பழப்புளியும்

போன சனிக்கிழமை. பாரிஸ் லா சப்பலில் வழக்கமாகப் போகும் எங்கட ஆட்களின் பலசரக்குக் கடை. கடுகெண்ணெய் போத்தல் ஒன்றைக் கையில் எடுத்தேன். கடைக்காரர் என் காலைப் பார்த்தார்.

"என்னண்ணை, முழங்கால் நோவோ?"

போத்தலைத் திருப்பினேன். 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று பிரெஞ்சில் போட்டிருந்தது!

"இல்லைத் தம்பி, சமைக்க."

"பகிடி விடாதேங்கோ அண்ணை!"

பகிடியா? என் மகன் நிரோஷனின் வாழ்க்கைப் பிரச்சினை ஐயா! அவன் விரும்பும் மௌமிதா, கொல்கத்தாப் பிள்ளை. அவளுடைய அப்பா பாரிஸ் வந்திருக்கிறார். கலியாணத்துக்கு மனிதர் இன்னும் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஞாயிறு மதியம் பாரிஸ் புறநகர் கார்ஜில் இருக்கும் எங்கள் வீட்டில் சாப்பிட்டு, எங்களைப் பார்த்த பிறகுதான் முடிவாம். அவருக்கு மீன் சினைக் கறி என்றால் உயிர் என்று மௌமிதா சொல்லியிருந்தாள். விடுவேனா?

"உங்களுக்கேன் இந்த வீண் வேலை? எங்கட மீன் குழம்பை வைப்பம்" என்றாள் மனைவி.

"அது அவருக்கு ஆர் வீட்டிலையும் கிடைக்கும். இது கிடைக்குமோ?"

அவள் நம்பவில்லை. ஞாயிறு காலை, எதற்கும் இருக்கட்டும் என்று, தன் குழம்புக்குப் பழப்புளியை ஒரு கோப்பையில் ஊறப்போட்டாள்.

செய்முறையை மௌமிதா போனில் சொன்னாள். சினையோடு கடலை மா, வெங்காயம், பச்சை மிளகாய் பிசைந்து, சின்னச் சின்ன வடையாகப் பொரித்து, உருளைக்கிழங்குக் குழம்பில் போட வேண்டும். தேங்காய்ப்பால் கூடாது. எங்கள் கறித்தூள் கூடாது. புளி கூடவே கூடாது! கடுகெண்ணெய் மட்டும் முதலில் நன்றாகப் புகைய வேண்டும்.

புகைந்ததே... வீட்டு அலாரம் அலறும் அளவுக்குப் புகைந்தது! நிரோஷன் துவாயால் விசிறிக்கொண்டு, "பப்பா, செ பா பொசிப்ள்! இது சரிவராது!" என்று கத்தினான். எனக்குக் கண்ணாலும் மூக்காலும் ஓடியது. ஆனால் அந்த வடை பொரிந்த வாசம் இருக்கிறதே... அடேயப்பா! நான் சட்டியைச் சுற்றி ஆடாத குறை.

குழம்பு கொதித்தது. வடைகளைப் போட்டேன். பக்கத்தில் கோப்பை இருந்தது. எடுத்தேன், கரைத்தேன், ஊற்றினேன்.

"ஐயோ, என்ன செய்து போட்டியள்!" என்றாள் மனைவி.

பழப்புளி! முப்பது வருடப் பழக்கம். யாழ்ப்பாணத்துக் கை, மீன் கொதித்தால் தன்பாட்டில் புளியைத் தேடும். அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது.

மேசைக்கு வைத்தோம். மௌமிதாவின் அப்பா ஒரு வடையைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து வாயில் வைத்தார். மென்றார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது எங்கள் கறி இல்லை" என்றார் ஆங்கிலத்தில்.

மௌமிதாவின் முகம் வாடிவிட்டது. நிரோஷன் தட்டையே பார்த்தான். மறைத்து என்ன செய்ய? உண்மையைச் சொன்னேன்.

"புளி விட்டுவிட்டேன். வேண்டாம் என்று உங்கள் மகள் படித்துப் படித்துச் சொன்னாள். என் கை கேட்கவில்லை."

மனிதர் கிண்ணத்தையே தன் பக்கம் இழுத்தார். ஒன்று... இரண்டு... ஐந்து வடை! என் மனைவியின் மீன் குழம்பை அவர் தொடவே இல்லை. அதில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

கை கழுவி வந்து சொன்னார்: "வடை சரி. புளி பிழை. அடுத்த முறை நான் சமைக்கிறேன். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள்."

அடுத்த முறை! கேட்டீர்களா? வேண்டாம் என்று சொல்லப்போகிறவர் அடுத்த முறை பற்றிப் பேசுவாரா? மௌமிதா எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அவளில் எண்ணெய் மணம் ஒட்டியிருக்கும், பாவம்.

போத்தலில் பாதி மிச்சம். முழங்கால் எவ்வளவு நொந்தாலும் தொட மாட்டேன் – அது சம்பந்திக்கு!