முள் ஏறிய காரணம்

கல்முனையிலுள்ள வாகனத் திருத்தகத்துக்கு அன்று காலை என் காரை ஓட்டி வந்தவள் மகள். நான் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தேன். ஓட்டுநர் முன்னுள்ள மானிப்பலகையில் பழுதேதும் இல்லை என்று திருத்துநர் இன்னொரு முறை சொல்லிவிட்டால், சாவியை மருமகனிடம் ஒப்படைத்துவிட்டு நான் இனிமேல் ஓட்டாதிருப்பது என வீட்டில் முடிவாகியிருந்தது. நானும் இசைந்திருந்தேன். மறுப்பதற்கு என்னிடம் சான்று எதுவும் இல்லை.

சில வாரங்களாகவே வெப்பமானியின் முள் என் கண்முன்னே சிவப்புக் கோட்டை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. பிறர் பார்க்கையில் அது அடக்கமாக நடுவில் நின்றது. ஒருநாள் மாவடிப்பள்ளி வயல்களுக்கு நடுவே முள் உச்சியைத் தொட, இயந்திரம் எரிந்துவிடுமோ என்றஞ்சிக் காரை ஓரத்தில் நிறுத்தினேன். இறங்கி முன்மூடியைத் திறந்து பார்த்தேன், புகையில்லை, கொதிப்பில்லை. திரும்பி வந்தபோது, பின்னிருக்கையிலிருந்த மகள் மானியை எட்டிப் பார்த்து, "ஒண்டுமில்லையே, வாப்பா" என்றாள். மிக மென்மையாகச் சொன்னாள். அந்த மென்மைதான் என்னை வருத்திற்று. அதன்பின் என் மூக்குக்கண்ணாடியைப் பற்றியும், பள்ளிவாசலில் நான் மறந்து வந்த குடையைப் பற்றியும் வீட்டில் பேச்செழுந்தது. மருமகன் கண் மருத்துவரிடம் நாள் கேட்டு வைத்தார்.

திருத்துநர் எங்களுக்குப் பழக்கமானவர். எல்லோருக்கும் அவர் பாஸ். முன்னொரு தடவை இயந்திரத்திலுள்ள வெப்ப உணரியைப் புதிதாக மாற்றி, இனிப் பிழைக்காது என்று உறுதி கூறி அனுப்பியவர். எங்களைக் கண்டதும் சிரித்தார்.

"திரும்பவும் அந்த முள்ளா, சேர்? எனக்கு முன்னால மட்டும் அது நல்ல புள்ளயா நிக்குதே."

இம்முறை அவர் உணரியின் கம்பியில் தம் கையிலிருந்த அளவியை இணைத்து, காரை வெயிலில் நிறுத்தி இயந்திரத்தை ஓடவிட்டார். தேநீர் வந்தது. கடற்கரையில் மீன் விலை ஏறியதைப் பற்றி அவர் நெடுநேரம் கதைத்தார். நான் முள்ளையே பார்த்திருந்தேன், அது அசையவில்லை. சாவி கைமாறுவதற்கு என் மனம் ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையில், மகள் என் கையைப் பிடித்தாள். முள் ஏறிற்று. தயங்கித் தயங்கி, நான் கண்ட அதே விதமாக, சிவப்புக் கோடு வரை ஏறிற்று.

பாஸ் தம் அளவியைப் பார்த்தார். அதில் எண் மாறவேயில்லை.

"சேர் கண்டது சரிதான். இஞ்சின் சூடாகல்ல. மீட்டர் போட்தான் பொய் சொல்லுது," என்று மானிப்பலகையைத் தட்டினார்.

மகள் பிடித்த கையை விடவில்லை. அப்போது எனக்கு உண்டானது ஆறுதல் மட்டுமே. வியப்பு அதன் பின்னரே வந்தது.

இயந்திரத்தை நிறுத்தி, மானிப்பலகையைக் கழற்றி, மேசையில் கவிழ்த்துப் பின்மூடியை அகற்றினார். மின்சுற்றுத் தகட்டின் ஓரத்தில் துருப்போல ஏதோ படிந்திருந்தது. பாஸ் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக் குனிந்தார். பிறகு நெடுநேரம் நிமிரவில்லை. கண்ணாடியை என்னிடம் நீட்டினார். படிந்திருந்த துரு நடந்தது. சிற்றெறும்புகள். ஒவ்வொன்றின் வாயிலும் வெண்ணிறக் கூட்டுப்புழு ஒன்று. ஈரமண்ணால் எழுப்பிய தாழ்சுவர்கள். அவற்றினிடையே செந்நிற இழைகள். அவை எங்கள் முற்றத்து ஜம்பு மரத்தின் பூவிழைகள் என்பதை மகள் கண்டுகொண்டாள். கார் நிற்பது அம்மரத்தின் கீழ்தான்.

பலகைக்குள் எரியும் சிறுவிளக்கின் பக்கம் சூடேறும்போதெல்லாம் அவை பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மறுபக்கத்துக்குப் பெயர்கின்றன. வழி இரு மின்முனைகளுக்கு மேலாகச் செல்கிறது. ஈரமண்ணும் உடல்களும் முனைகளை இணைக்க, மின்னோட்டம் கசிந்து முள் ஏறுகிறது. கூட்டம் கடந்ததும் இறங்குகிறது. பாஸ் இதனை விரலால் தொட்டுக் காட்டி விளக்கினார். நான் நெடுஞ்சாலையில் விரைந்த பொழுதுகளிலெல்லாம், என் விரல்களுக்கு ஒரு சாண் அப்பால், ஒரு சமுதாயம் தன் மக்களைச் சுமந்து இடம்பெயர்ந்திருக்கிறது. முள் அந்தப் பயணத்தையே எனக்கு அறிவித்துக்கொண்டிருந்தது. நான் அதனை இயந்திரத்தின் வெப்பமென்று வாசித்தேன்.

பழக்கத்தில் பாஸின் கை பூச்சிமருந்துக் குப்பியை எடுத்தது. எடுத்த கை அப்படியே நின்றது.

"எறும்பக் கொல்லப்படாதெண்டு சின்னதுல ஓதித் தந்தாங்க. இப்ப என்ன செய்ற, சேர்?"

மகள் பதிலுக்குக் காத்திராமல் வாசலிலிருந்த கறிவேப்பிலைச் செடி நட்ட சாடியைத் தூக்கி வந்து, நிழலில் மானிப்பலகையோடு ஒட்டி வைத்தாள். திறந்த வெளிச்சம் அவற்றுக்குப் பொருந்தவில்லை போலும். முதலில் ஒன்று சாடியின் விளிம்பில் ஏறி இறங்கிற்று. சற்றைக்கெல்லாம் ஒரு மெல்லிய வரி உண்டாயிற்று. வெண்புள்ளிகள் அதன்வழியே மண்ணுக்குள் இறங்கலாயின. ஒன்று தன் சுமையைத் தவறவிட்டது. பின்னால் வந்தது அதனை எடுத்துக்கொண்டது. பாஸ் நண்பகல் லுஹர் தொழுது திரும்பி வந்தபோதும் அந்த வரி அறவில்லை. அவர் "சுப்ஹானல்லாஹ்" என்று தமக்குள் சொல்லிக்கொண்டு, வேறொரு வண்டிக்கு ஆள் கூப்பிட்டும் போகாமல் எங்களுடன் குந்திக்கொண்டார்.

கூடு வெறுமையான பின் தகட்டை மருந்துச் சாராயத்தால் துலக்கி, அரிப்புண்ட முனைக்கு ஈயம் வைத்து, கம்பிகள் நுழையும் துளையை இறப்பரால் அடைத்தார். பலகை தன் இடத்தில் பொருந்திற்று. இயந்திரம் வெயிலில் எவ்வளவோ நேரம் ஓடியும் முள் நடுவிலேயே நின்றது.

புறப்படும்போது மகள் சாவியை என்னிடம் நீட்டிவிட்டு, நான் வந்த இருக்கையில் போய் அமர்ந்தாள். வழியெல்லாம் அவள் முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காரைதீவைக் கடந்து நிந்தவூரை நெருங்குகையில் மானியின் அருகே குனிந்தாள்.

"வாப்பா, கண்ணாடிக்குள்ள பாருங்க. ஒண்டு மிச்சமாகிட்டு."

வேகமானியின் எண்களினூடே அந்த எறும்பு தனியாக ஏறிக்கொண்டிருந்தது.

"ஓம் மகள்," என்றேன். "கல்முனையிலயே கண்டுட்டன்."